லால்பாக் தோட்டத்தில் ஒரு மாணவரின் கேள்வி

 

அரையாண்டுத் தேர்வுகள் முடிந்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடப்படும் டிசம்பர் மாத இறுதியில், எங்கள் மதரஸாவில் ஆண்டுதோறும் ஒரு பேச்சு எழுவதுண்டு. பிள்ளைகளை ஒரு நாளேனும் வெளியூருக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே அது. செலவு, பேருந்து, பெற்றோரின் அனுமதி என்று ஒவ்வொன்றாகப் பேசி, பெரும்பாலும் அப்பேச்சு பேச்சாகவே முடிந்துவிடும். சென்ற டிசம்பரில் அல்லாஹ்வின் நாட்டத்தால் அது நிறைவேறியது. பெங்களூரு லால்பாக் தாவரவியல் தோட்டத்துக்குப் போய் வந்தோம். அங்கே ஒரு மாணவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அக்கேள்வியையும், அதற்கு விடை தேடியபோது எங்களைப் பற்றி நாங்கள் அறிந்துகொண்டதையும் மறைக்காமல் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் மதரஸா ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே அமைந்த ஒரு சிற்றூரில் மாலை நேரத்தில் நடைபெறுவது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த மண் இது. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. பிறகு ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் எனச் சிப்காட் வளாகங்கள் விரிந்தன. வேலை தேடி வந்த குடும்பங்கள் இங்கேயே தங்கின. எங்களிடம் ஓத வரும் பிள்ளைகளுள் இராமநாதபுரத்தாரும் உண்டு, வேலூராரும் உண்டு, பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களும் உண்டு. தந்தையர் பலருக்கு வாரந்தோறும் ஷிப்ட் மாறும். தந்தை வீடு திரும்பும்போது பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கும். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போது தந்தை உறங்கிக்கொண்டிருப்பார். இருளில் எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கைக் கண்டே அது எந்த நிறுவனத்தின் கார் என்று சொல்லிவிடும் பிள்ளைகள், புங்க மரத்தையும் பூவரசையும் பிரித்தறிய மாட்டார்கள். அது அவர்கள் குற்றமன்று. அவர்கள் பிறந்த காலத்தில் எங்கள் சாலையோரத்து மரங்கள் அகலப்பாதைக்கு இடம் கொடுத்துவிட்டன.

ஆகவே இம்முறை வணிக வளாகமோ, நீர் விளையாட்டுப் பூங்காவோ வேண்டாம், மரங்களைக் காணச் செல்வோம் என்று முடிவு செய்தோம். பெண் பிள்ளைகளை ஆலிமாக்கள் சென்னை கதீட்ரல் சாலையிலுள்ள செம்மொழிப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார்கள். 2010 நவம்பரில் திறக்கப்பட்ட அப்பூங்கா ஏறத்தாழ 20 ஏக்கர் பரப்புள்ளது. காலையில் சென்று மஃரிபுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால் தாய்மார்களுக்கும் அது இசைவாக இருந்தது. ஆண் பிள்ளைகள் 38 பேருடன் ஆசிரியர்களாகிய நாங்கள் மூவரும், தந்தையர் நால்வரும் லால்பாக்கிற்குப் புறப்பட்டோம். லால்பாக்கைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அத்தோட்டத்தைத் தொடங்கியவர் ஹைதர் அலி. அவர் தொடங்கியதை விரிவாக்கியவர் அவர் மகன் திப்பு சுல்தான். பாடப்புத்தகத்தில் வாளோடும் பீரங்கியோடும் மட்டுமே பிள்ளைகள் கண்ட இருவரை, மரம் நட்டவர்களாகவும் காட்ட விரும்பினோம்.

வெள்ளிக்கிழமை இஷாத் தொழுகைக்குப் பின் பயண துஆவை எல்லோரும் உரக்க ஓத, பேருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறியது. சுங்குவார்சத்திரத்தைக் கடந்து காஞ்சிபுரம் பிரியும் இடத்தை அணுகியபோது, இன்னும் உறங்காதிருந்த பிள்ளைகளிடம் புள்ளலூரைப் பற்றிச் சொன்னோம். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள அவ்வூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியின் படையும் திப்புவின் படையும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையைச் சூழ்ந்து முறியடித்தன. திப்புவின் ஏவுகணைகள் அப்போரில் பெரும்பங்கு வகித்தன. அப்போர்க்களம் நம் வீடுகளிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை என்று அறிந்ததும் பிள்ளைகள் சன்னல் வழியே இருளை உற்று நோக்கினார்கள். அங்கே காண ஏதுமில்லை. ஆனால் அப்போருக்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1760இல், அதே ஹைதர் அலி பெங்களூருவில் தொடங்கிய தோட்டம் இன்றும் இருக்கிறது; காலையில் அதைத்தான் காணப்போகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்களை உறங்கச் செய்தோம்.

வேலூரைக் கடந்தபோது விழித்திருந்தவர்கள் நாங்கள் மட்டுமே. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தபின் அவருடைய பிள்ளைகள் காவலில் வைக்கப்பட்டது இவ்வூர்க் கோட்டையில்தான். ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி எனப் பாதை உயர உயரக் குளிரும் ஏறியது. ஓசூரில் ஒரு பள்ளிவாசலில் பஜ்ருக்கு நிறுத்தினோம். குழாய் நீர் பனிக்கட்டி போலிருந்தது. எங்கள் ஊரில் மார்கழியிலும் மின்விசிறி சுழலவிட்டு உறங்கும் பிள்ளைகள், உளூச் செய்யக் கையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக நின்றார்கள். சிரமமான வேளையிலும் உளூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழித்துத் தகுதியை உயர்த்தும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருப்பதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோம். அன்று அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

காலை 8 மணிக்கு முன்பே தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டோம். புல்வெளிகளின் மீது பனிமூட்டம் இன்னும் கலையாதிருந்தது. முதலில் பாறைக் குன்றின் மீது ஏறினோம். அதன் உச்சியில் கெம்பே கௌடர் பெயரால் வழங்கும் சிறு கோபுரம் ஒன்று உள்ளது. ஆனால் எங்களை நிறுத்தியது கோபுரமன்று, காலடியிலிருந்த பாறை. ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையான அப்பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. 300 கோடி என்ற எண்ணை எவ்வாறு எழுதுவது என்று பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கு மூண்டது. மூன்றுக்குப் பின் ஒன்பது சுழியம் என்று முடிவாயிற்று. ‘சுப்ஹானல்லாஹ்’ என்று ஒரு சிறுவர் சொன்னார். நாங்கள் சொல்லச் சொல்லவில்லை.

குன்றிலிருந்து இறங்கி மரங்களிடையே நடந்தோம். ஏறத்தாழ 40 ஏக்கரில் தொடங்கப்பெற்ற தோட்டம் இன்று 240 ஏக்கராக விரிந்துள்ளது. சீராவில் கண்ட முகலாயத் தோட்டத்தின் அமைப்பைப் பின்பற்றியே ஹைதர் அலி இதை அமைத்ததாகக் கூறுவர். திப்பு சுல்தான் அயல்நாடுகளிலிருந்தெல்லாம் விதைகளும் கன்றுகளும் தருவித்து நடச் செய்தார். அவருக்குப் பின் தோட்டம் ஆங்கிலேயர் கைக்கு மாறி, 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. லண்டன் பளிங்கு மாளிகையை நினைவூட்டும் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1908 முதல் பொறுப்பேற்ற கிரும்பிகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலை அறிஞர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இம்மண்ணுக்கே கொடுத்து, இந்நகரிலேயே அடக்கமானார். குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை நடக்கும் மலர்க் கண்காட்சி இக்கண்ணாடி மாளிகையில்தான் இடம்பெறுகிறது. நாங்கள் சென்ற நாளில் கண்காட்சி இல்லை. ஆகவே நெரிசலும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர்க் கண்ணாடித் தொழிற்சாலையில் அண்ணன் பணிபுரியும் மாணவர் ஒருவர், இத்தனை கண்ணாடிகளையும் யார் துடைப்பார்கள் என்று கவலைப்பட்டார்.

ஹைதர் அலியைப் பற்றியும் திப்புவைப் பற்றியும் இன்று நாட்டில் வாதங்கள் பல உண்டு. அவற்றை அன்று நாங்கள் பிள்ளைகளிடம் அவிழ்க்கவில்லை. ஒன்றை மட்டும் சொன்னோம். அரசு மாறியது, கொடி மாறியது, மொழி மாறியது; பொறுப்பேற்று வந்த ஒவ்வொருவரும் முன்னவர் நட்டதைப் பிடுங்காமல் தமது பங்கையும் சேர்த்து நட்டார்கள். அதனால் இது 260 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

தாவரங்களைத் தேடித் திரட்டி அறிவது நம் முன்னோருக்குப் புதிதன்று என்பதையும் நடந்துகொண்டே விளக்கினோம். ஒன்பதாம் நூற்றாண்டில் அபூஹனீஃபா தீனவரீ தாவரங்களைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதினார். பதினோராம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலைதோ நகரில் இப்னு பஸ்ஸால் அரசத் தோட்டத்தைப் பேணி, தாம் கண்டறிந்தவற்றை வேளாண் நூலாக்கினார். மாலகாவில் பிறந்த இப்னுல் பைதார், ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களைத் தொகுத்தெழுதி 1248இல் டமாஸ்கஸில் மறைந்தார். இவர்களுள் எவரும் மரத்தை ‘உலகியல்’ என்று ஒதுக்கி வைக்கவில்லை.

பின்னர் புகழ்பெற்ற இலவ மரத்தின் அடியில் போய் நின்றோம். ஏறத்தாழ 200 ஆண்டுகள் வயதுடையது என்கிறார்கள். அதன் வேர்கள் நிலத்துக்கு மேலே மதில்கள் போல எழுந்து நிற்கின்றன. ஒரு வேர்மடிப்புக்குள் நான்கைந்து சிறுவர்கள் மறைந்துகொள்ளலாம். அங்கேதான் நாங்கள் எங்கள் ‘பாடத்தை’ நடத்தினோம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ எதை உண்டாலும் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற கருத்தமைந்த நபிமொழி, புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருப்பதைச் சொன்னோம். கியாமத் நாள் நெருங்கிவிட்ட வேளையிலும் கையில் கன்று இருந்தால், முடிந்தவரை அதை நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதையும் சொன்னோம். மரத்தடியில் நின்று மரத்தைப் பற்றிப் பேசியதில் எங்களுக்கே ஒரு மனநிறைவு உண்டாயிற்று.

அதன்பின் கல்லாய்ப்போன அடிமரம் ஒன்றைக் காட்டினோம். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரம் அது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து, அதாவது நம் தமிழ்நாட்டிலிருந்தே, இங்குக் கொண்டுவரப்பட்டது. மண்ணில் புதைந்த மரத்தின் இழைகளுக்குள் தாதுக்கள் சிறிது சிறிதாகப் புகுந்து, மரம் தன் வடிவம் மாறாமல் கல்லாகிவிடுகிறது. பிள்ளைகள் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவர் மட்டும் நகரவில்லை.

அவருக்கு வயது 13. அதிகம் பேசாதவர். சற்று நேரம் நின்றுவிட்டு எங்களிடம் கேட்டார்: “ஹஜ்ரத், மரம் நட்டவர் மவுத்தாகிவிட்டாலும் நன்மை போய்க்கொண்டே இருக்குமென்று சொன்னீர்கள். அந்த மரத்தையே வெட்டிவிட்டால், அதோடு நன்மை நின்றுவிடுமா?”

அவர் குரலில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. பாடத்தில் ஐயம் கேட்கும் குரல்தான். ஆனால் எங்கள் மூவருக்கும் அக்கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது அந்நொடியே விளங்கிவிட்டது.

எங்கள் மதரஸா முற்றத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதை நட்டவர் இம்மாணவரின் அத்தா. தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்றை ஓட்டியவர். இரவு ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு பஜ்ருக்கு வருவார். தொழுகைக்கு முன் ஒரு வாளி நீரை அக்கன்றுக்கு ஊற்றிவிட்டே உளூச் செய்வார். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது அவர் மறைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அப்போது மரம் கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தது. அதன் நிழலில் சிறு வகுப்புகள் நடந்தன.

சென்ற ஆண்டு முற்றத்துக்குக் கற்கள் பதிக்கவும், இருசக்கர வாகனங்களை நிறுத்தத் தகரக் கொட்டகை போடவும் ஒருவர் நன்கொடை தந்தார். வேர் நீர்த்தொட்டிச் சுவரைப் பிளந்துவிடும், உதிரும் இலைகள் வடிகாலை அடைக்கின்றன என்ற பேச்சு எழுந்தது. நிர்வாகக் கூட்டத்தில் பத்தே நிமிடங்களில் முடிவாயிற்று. நாங்களும் அக்கூட்டத்தில் இருந்தோம், தலையசைத்தோம். ‘இதை நட்டவர் யார்’ என்று அங்கு ஒருவரும் கேட்கவில்லை. ஒரு முற்பகலில், பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றிருந்த நேரத்தில், மரம் வெட்டப்பட்டது. விறகு விற்ற பணம் வரவேட்டில் முறையாக எழுதப்பட்டது. அதன்பின் இரண்டு நாட்கள் அம்மாணவர் ஓத வரவில்லை. வருகைப் பதிவேட்டில் ‘உடல்நலமின்மை’ என்று நாங்கள் எழுதினோம். அவர் வீட்டுக்குச் சென்று கேட்கவில்லை. நாங்களே ஒரு காரணத்தை ஊகித்து எழுதிவிட்டோம்.

இலவ மரத்தடியில் சற்று முன்பு நாங்கள் அடைந்த மனநிறைவு அவ்விடத்திலேயே கரைந்துபோயிற்று. விடை சொல்ல வாய் எழவில்லை. அரைகுறையாக ஏதேனும் சொல்லிச் சமாளிக்க முடிந்திருக்கும். ஆனால் மறைந்த தந்தையின் நன்மை பற்றி மகன் கேட்கும் கேள்விக்கு அவ்வாறு விடை சொல்வது தகாது. “இதை நன்கு கேட்டறிந்து உனக்குச் சொல்கிறோம்” என்று மட்டும் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டு மற்றவர்களோடு ஏரியின் பக்கம் போய்விட்டார்.

லுஹருக்குத் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, அருகிலிருந்த பள்ளிவாசலுக்குச் சென்றோம். பயணத்தில் நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழும் கஸ்ரை ஒரு வாரமாக வகுப்பில் பயிற்றுவித்திருந்தோம். உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும்போது பயணியும் முழுமையாகவே தொழ வேண்டும் என்பதால், அன்று நான்கு ரக்அத்தும் தொழ வேண்டியதாயிற்று. பயிற்சி வீணாயிற்றே என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். திரும்பும் வழியில் ஓரிடத்தில் நாங்களே ஜமாஅத்தாக நின்று அஸரைச் சுருக்கித் தொழுததும் அவர்கள் குறை தீர்ந்தது. பேருந்தில் பிள்ளைகள் தாம் கண்ட மரங்களின் பெயர்களைச் சொல்லிப் போட்டியிட்டுக்கொண்டு வந்தார்கள். நாங்கள் மூவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள், எங்களுக்குக் கிதாபு ஓதிக் கொடுத்த மூத்த ஹஜ்ரத் ஒருவருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொல்லி விளக்கம் கேட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டார். அல்லாஹ் நன்மை செய்தோரின் கூலியை வீணாக்குவதில்லை என்பது குர்ஆன் பல இடங்களில் உணர்த்தும் உறுதி என்றார். அம்மரத்தின் நிழலில் ஓதப்பட்டதும், அதில் பறவைகள் உண்டதும் எழுதப்பட்டவை. மரம் வீழ்ந்ததால் அவை அழிக்கப்படுவதில்லை. அதை நட்டவரின் எண்ணம் நீடித்த நன்மையாக இருந்தது. பிறர் செய்ததற்காக அவர் பிடிக்கப்பட மாட்டார். மேலும், மனிதன் மரணித்தபின்னும் தொடரும் மூன்றைப் பற்றிய நபிமொழியில் மூன்றாவதாக வருவது, தந்தைக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை. கேள்வி கேட்ட அப்பிள்ளையே அந்த மூன்றாவது வழி என்று சொல்லுங்கள் என்றார்.

எங்கள் மனம் இலேசாயிற்று. நன்றி சொல்லி முடிக்கப் போகும்போது அவர் கேட்டார்: “வெட்டினீர்களே, அதற்கு ஈடாக வேறு நட்டீர்களா?”

அதற்கும் எங்களிடம் விடை இல்லை.

அன்றிரவு நாங்கள் மூவரும் அமர்ந்து பேசினோம். நிழல் தரும் இலந்தை மரத்தை வெட்டுவது குறித்து அபூதாவூதில் கடுமையான எச்சரிக்கை ஒன்று உண்டு. வழிப்போக்கரும் விலங்குகளும் ஒதுங்கும் மரத்தை நியாயமின்றி வெட்டுபவரையே அது குறிக்கும் என்று இமாம் அபூதாவூத் அவர்களே விளக்கியிருக்கிறார்கள். எங்கள் மரம் இலந்தையன்று, பாலைவனத்தில் நின்றதுமன்று, மதரஸாவின் சொந்த நிலத்தில், ஒரு தேவைக்காக வெட்டப்பட்டது. மார்க்கச் சட்டப்படி எங்களைக் குற்றவாளிகள் என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வாதத்தை அப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்களால் இயலுமா என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். தேவை உண்மையில் அவ்வளவு கட்டாயமாக இருந்ததா? கொட்டகையை இரண்டு அடி தள்ளிப் போட்டிருக்கலாம். வடிகாலுக்கு ஒரு சல்லடை போதும். பத்து நிமிடங்களுக்குப் பதிலாக அரை மணி நேரம் சிந்தித்திருந்தால் இவை யாவும் தோன்றியிருக்கும். மரம் நடுவதன் சிறப்பைப் பலமுறை பாடம் நடத்திய எங்களுக்கு, முற்றத்து மரம் பாடத்தின் பகுதியாகத் தோன்றவில்லை. அது எங்களுக்கு உதிரும் இலையாகவே தோன்றியது.

மறுநாள் அம்மாணவரை அழைத்து, ஹஜ்ரத் சொன்ன விடையை அவருக்கு விளங்கும்படி சொன்னோம். “உன் அத்தாவின் கணக்கில் எந்தக் குறையும் இல்லை. குறை எங்கள் கணக்கில்தான் இருக்கிறது. உன்னிடமும் உன் அம்மாவிடமும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. எங்களை மன்னித்துவிடு” என்றோம். ஆசிரியர்கள் மாணவரிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் பழக்கத்தில் இல்லை. சொல்லும்போது நாக்கு தடுமாறியது. அவர் என்ன சொல்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார். பிறகு, “கன்று வைக்கலாமா ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

நிர்வாகத்தாரிடம் பேசினோம். எதிர்ப்பு வரும் என்று அஞ்சினோம், வரவில்லை. ‘இதை அன்றே சொல்லியிருக்கலாமே’ என்று மட்டும் ஒருவர் சொன்னார். அதுவும் உண்மையே. முற்றத்தில் பதித்த கற்களில் ஒன்பதைப் பெயர்த்து எடுத்தோம். எங்கு நடுவது என்பதை அம்மாணவரிடமே விட்டோம். உளூச் செய்யும் இடத்திலிருந்து வழிந்தோடும் நீர் அக்குழிக்குச் செல்லுமாறு சிறு வாய்க்கால் ஒன்றைக் கொத்தனார் அமைத்துக் கொடுத்தார். சோப்பு கலவாத நீர். நாளொன்றுக்கு ஐந்து வேளை தவறாமல் வரும் நீர். இதற்கு முன்பு அது வீணே தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஜனவரியில் நட்ட முதல் கன்றை இரண்டாம் வாரமே ஆடு தின்றுவிட்டது. மனிதனோ விலங்கோ உண்டால் தர்மம் என்று படித்த பிள்ளைகள், ‘ஆட்டுக்கும் போயிற்று, நன்மை வந்துவிட்டது’ என்று ஆறுதல் சொன்னார்கள். இரண்டாவது கன்றுக்கு, பற்றவைப்புப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மாணவரின் தந்தை இரும்புக் கம்பிகளால் கூண்டு செய்து தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். இதை எழுதும்போது அக்கன்று முழங்கால் உயரம் இருக்கிறது. அதன் நிழலில் வகுப்பு நடத்த எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். அப்போது எங்களுள் எவர் இருப்போம் என்பதும் அவனுக்கே தெரியும்.

அன்புப் பெற்றோரே! விடுமுறை நாளில் பிள்ளைகளைத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். பெங்களூரு வரை செல்ல இயலாதவர்களுக்குச் சென்னையில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. அதே கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் இருக்கிறது. லால்பாக் செல்வதாயின் காலை 6 மணிக்கே தோட்டம் திறந்துவிடும். குளிர்காலத்தில் அவ்வேளையே சிறந்தது. கம்பளி ஆடை மறவாதீர்கள். ஆனால் அதற்கு முன், உங்கள் வீட்டருகிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் நிற்கும் மரங்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் நட்டவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பெயர் தெரிந்த மரத்தைப் பத்து நிமிடக் கூட்டத்தில் வெட்டிவிட எவருக்கும் மனம் வராது.

அந்த வேன் ஓட்டுநர் சகோதரருக்காக நீங்களும் துஆச் செய்யுங்கள். அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளியால் நிரப்புவானாக! அவர் நட்டதன் நன்மையை அவருக்கு நிறைவாக வழங்குவானாக! எங்கள் கவனக்குறைவை மன்னித்து, இக்கன்றை வளர்த்து ஆளாக்குவானாக! ஆமீன்.